எட்டாவது சுற்று

என் பிரிவு விருந்தன்று உங்களில் ஒருவர், நான் எழுதிய கணினி நிரல்களிலேயே மோசமான பிழை எது என்று கேட்டார். அப்போது என் கையில் கேக் வெட்டும் கத்தி இருந்தது. மேசையில் மீ ஹூன் சேமியா ஆறிக்கொண்டிருந்தது. "மீதியைச் சரியாகப் போட்டேன், ஈவைக் கோட்டைவிட்டேன்" என்று சொல்லிவிட்டுக் கேக்கை வெட்டினேன். சிரித்தீர்கள். கேள்வி கேட்டவர் மட்டும் சிரிக்கவில்லை. தனக்குப் பதில் வரவில்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. இது அவருக்கான பதில். மற்றவர்களும் படிக்கலாம்.

இந்த வேலைக்கு வருமுன் ஒரு தமிழ் நாளிதழில் ஆறு ஆண்டுகள் இருந்தேன். பிழை திருத்துபவராகச் சேர்ந்து, துணையாசிரியராக வெளியே வந்தேன். அங்கே ஒட்டிக்கொண்ட இரண்டு பழக்கங்கள் கடைசிவரை என்னை விடவில்லை. ஒன்று, செய்தியில் ஓர் எண்ணைப் பார்த்தால் பக்கத்தில் இருக்கும் நேரத்தையும் பார்ப்பது. இன்னொன்று, தவறு அச்சாகிவிட்டால் மறுநாள் திருத்தம் போடுவது. நேற்று என்ன போட்டோம், சரியானது என்ன, இரண்டையும் அடுத்தடுத்து. இந்த இரண்டு பழக்கங்களுக்கும் நான் கடன்பட்டிருக்கிறேன். அதைவிட அதிகமாக, ஒரு மதகுக்காரருக்குக் கடன்பட்டிருக்கிறேன்.

கோலசிலாங்கூருக்கும் தஞ்சோங் காராங்கிற்கும் இடையில், கடலோரமாக இருக்கும், எண்ணெய்க்கான ஒரு செம்பனைத் தோட்டம். பெயர் வேண்டாம். அந்தப் பக்கத்து நிலம், கடல் ஏறும்போது அதன் மட்டத்தைவிடத் தாழ்வாக இருக்கும். தோட்டத்து வடிகால்கள் எல்லாம் வளைந்து வளைந்து வந்து, கரையில் ஒரு மதகில் முடியும். கடல் இறங்கியிருக்கும்போது மதகைத் திறந்து மழைநீரை வெளியே விட வேண்டும். ஏறுவதற்கு முன் மூடிவிட வேண்டும். மூடாவிட்டால் உப்புநீர் உள்ளே வரும். வளர்ந்த மரம் ஓரளவு பொறுக்கும். நாற்றுப்பண்ணையில் இருக்கும் செம்பனைக் கன்று பொறுக்காது.

மதகுக்காரர் தன் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அப்போது அவருக்கு நாற்பது வயது இருக்கும், என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர். மனைவி, தமிழ்ப்பள்ளியில் படிக்கும் இரண்டு பெண் பிள்ளைகள், தோட்டம் கொடுத்த வீடு. வேலை போனால் வீட்டையும் காலி செய்ய வேண்டும். வேலைக் கடிதத்தின் கடைசிப் பத்தியில் அது எழுதியே இருந்தது.

மதகின் திருகுத்தண்டு பழைய காலத்தது. கைச்சக்கரத்தை ஒரு சுற்று சுற்றினால் கதவு ஓர் அங்குலம் ஏறும். முழுத் திறப்பு இருபத்து நான்கு சுற்று. அந்தத் தோட்டத்தில் யாரும் மில்லிமீட்டரில் பேசியதில்லை. ஆபீசிலிருந்து வரும் உத்தரவே "இன்னைக்கு ஆறு சுத்து தொற" என்றுதான் இருக்கும். நாங்கள் மோட்டாரும் உயரம் அளக்கும் சென்சாரும், கடல் ஏறினால் தானே மூடி எல்லாவற்றையும் பதிவு செய்யும் கட்டுப்பாட்டுப் பெட்டியும் திரையும் பொருத்தினோம். சென்சார் மில்லிமீட்டரில் சொன்னது. திரையோ சுற்றில் காட்ட வேண்டும். ஓர் அங்குலம் 25.4 மில்லிமீட்டர் என்பதால் உயரத்தை 25.4 ஆல் வகுக்க வேண்டும். பள்ளியில் நான்காம் ஆண்டில் படித்த வகுத்தல்தான். ஈவு எத்தனை சுற்று என்று சொல்லும், மீதி எத்தனை மில்லிமீட்டர் என்று சொல்லும். வகுக்கும் எண்ணில் புள்ளி இருப்பது மட்டும்தான் வித்தியாசம்.

தசம எண்களை வகுத்து மீதி காண C என்ற நிரல்மொழியில் fmod என்ற செயற்கூறு இருக்கிறது. அதைப் போட்டேன். முதல் வாரமே மதகுக்காரர் வரச் சொல்லிப் போன் செய்தார். போனபோது கதவு பதினோராம் சுற்றில் நின்றுகொண்டிருந்தது. திரையில் "10 சுற்று, 25.1" என்று இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே "11 சுற்று, 0.1" ஆனது. மறுபடி பத்து.

"அக்கா, இது பதினொண்ணா, பத்தா?"

சென்சாரின் அளவு கொஞ்சம் முன்னே பின்னே ஆடும் என்று விளக்கினேன். 279.1 என்று வந்தால் பத்து முழுச்சுற்று, மீதி 25.1. 279.5 என்று வந்தால் பதினொன்று, மீதி 0.1. கணக்கு சரிதான் என்றேன்.

"கணக்கு சரிதான்லா. ஆனா யாரு அப்படிப் பேசுவா? பதினொண்ணுக்கு மயிரிழ கம்மின்னு சொல்லிட்டுப் போலாம். பத்து தாண்டி, இன்னொரு சுத்துக்கு மயிரிழ கம்மின்னு என் சின்னதுகூட சொல்லாது."

சட்டைப் பையிலிருந்து ஒரு குறிப்புப் புத்தகத்தை எடுத்துக் காட்டினார். எண்ணெய்க் கறை படிந்த பள்ளிக்கூட நோட்டை இரண்டாக வெட்டிச் செய்தது. "6, கால் கூட." "9, அரைக்கால் கம்மி." மிக அருகில் இருக்கும் சுற்றைச் சொல்லிவிட்டு, அதற்குக் கூடவா குறைவா என்பதைச் சொல்கிறார். எனக்கு வெட்கமாக இருந்தது, ஏனென்றால் C மொழியில் அதற்கும் வழி இருக்கிறது, நான்தான் தேடவில்லை. fmod, தாண்டி வந்த சுற்றிலிருந்து மீதியை எண்ணும். remainder, மிக அருகில் உள்ள சுற்றிலிருந்து எண்ணும், குறைவாக இருந்தால் கழித்தல் குறி போடும். அந்த மீதியோடு ஈவையும் சேர்த்துக் கையில் கொடுப்பது remquo. நிரலை மாற்றினேன். திரை "11, −0.3" என்று ஆடாமல் நின்றது. அடுத்த அளவு கூடினாலும் பதினொன்று பதினொன்றாகவே இருந்தது.

மதகுக்காரர் பார்த்தார். "இப்பத்தான் நம்ம மாதிரி பேசுது" என்றார்.

அந்த வேலைக்கு எங்களிடம் தடிமனான ஒரு விவரக் குறிப்பு இருந்தது. அதில் எந்தப் பக்கத்திலும் இல்லாததை அவர் ஒரு வாக்கியத்தில் சொன்னார். திரையைப் பார்க்கப் போகிறவர் எப்படிப் பேசுகிறார் என்று கேட்டுவிட்டு எழுதுங்கள். நான் செய்ததில் சரியாக இருந்த பகுதி இதுதான்.

மூன்று ஆண்டுகள் ஒரு குறையும் வரவில்லை. பிறகு பெட்டிக்குள் இருந்த கட்டுப்பாட்டுப் பலகை சந்தையில் கிடைக்காமல் போனது. லினக்ஸ் ஓடும் ஒரு சிறு கணினியை அதனிடத்தில் வைத்தோம். நிரலில் ஒரு வரியும் மாறவில்லை, அதனால் சோதனை சிறியதாக இருந்தால் போதும் என்று முடிவு செய்தேன். நம் அலுவலகம் இருக்கும் கடைவீட்டு மாடியில், மேசைமேல் மாதிரித் தண்டு ஒன்றை வைத்து ஐந்து சுற்று ஏற்றினேன், ஐந்து சுற்று இறக்கினேன். சரியாக இருந்தது. கையெழுத்துப் போட்டேன். ஐந்து சுற்று என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆண்டுக் கடைசி மழை தொடங்கியது. தோட்ட மேனேஜரிடமிருந்து எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. மதகு மூடிய பிறகு யாரோ கையால் ஏழு சுற்று திறந்து, மறுபடி மூடியதுபோல் பதிவில் இருக்கிறது. இரண்டு முறை இப்படி. என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தார். பதிவைத் திறந்துகூடப் பார்க்காமல் பதில் எழுதினேன். மோட்டார் பொருத்திய மதகில் கைச்சக்கரத்தைத் தொடுவது நல்லதல்ல, பூட்டி வைப்பது உத்தமம் என்று இரண்டு வரி. அவர்கள் சக்கரத்துக்குச் சங்கிலி போட்டுப் பூட்டி, சாவியை ஆபீஸ் எழுத்தரான கிராணியிடம் கொடுத்துவிட்டார்கள்.

அடுத்த அமாவாசைப் பெருக்கில் உப்புநீர் உள்ளே வந்தது. நாற்றுப்பண்ணையில் பாதிக் கன்றுகள் ஒரு வாரத்தில் பழுத்துக் கருகின. திரையிலும் பதிவிலும் மதகு மூடியே இருந்தது, பூஜ்யம் சுற்று. அதன் பிறகு, மதகுக்காரர் கிராணியிடம் சண்டை போட்டுச் சாவி வாங்கிப் போயிருக்கிறார். அவர் சாவி வாங்கிப் போன சற்று நேரத்தில், பதிவில் மதகு ஏழு சுற்று திறந்திருக்கிறது. கடல் ஏறும் நேரத்தில் வேண்டுமென்றே கையால் திறந்தார் என்று மேனேஜர் முடிவு கட்டினார். காரணம் கேட்டுக் கடிதம் கொடுத்தார்கள், விசாரணைக்கு நாள் குறித்தார்கள். மதகை இயக்கத் தெரிந்த வேறு ஆள் இல்லாததால் அதுவரை அவரையே வேலை பார்க்கச் சொன்னார்கள். அதில் இருந்த முரண் யாருக்கும் உறைக்கவில்லை.

எங்களிடம் கேட்டது ஒரு பக்க அறிக்கை. பதிவு நம்பகமானது என்று நான் எழுதிக் கையெழுத்துப் போட்டால் அவர் வேலை அன்றோடு முடிந்தது.

எங்கள் முதலாளி பதிவை அச்செடுத்து என் மேசையில் வைத்தார். "ஒரு பக்கம் போதும்மா. ரொம்ப இழுக்க வேணாம்" என்றார்.

அன்றுதான் பதிவை முதல்முறையாக வரி வரியாகப் படித்தேன். நேரம், சுற்று, மீதி, மோட்டார் என்று நான்கு பத்தி. ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் பத்து விநாடி. பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம் என்று போய்க்கொண்டிருந்தது. அடுத்த வரியில் ஏழு. அந்த ஏழு நான்கு வரிகள் நின்றது, பிறகு ஆறு நான்கு வரிகள், ஐந்து நான்கு வரிகள். பூஜ்யத்துக்கு வந்து சேர ஏறக்குறைய ஐந்து நிமிடம். மோட்டார் பத்தியில் தொடக்கம் முதல் கடைசிவரை "நிறுத்தம்".

நாளிதழில் இருந்தபோது ஒருமுறை, பத்து மணிக்குப் பத்தாங் காலியில் கூட்டத்தில் பேசிய ஒருவர், பத்தரைக்குப் பாகான் நக்கோடா ஓமாரில் மீனவர்களைச் சந்தித்ததாக ஒரு செய்தி என் மேசைக்கு வந்தது. ஒன்று மலையடிவாரம், மற்றது கடலோரம். சந்திப்பு நடந்திருக்கலாம், கூட்டமும் நடந்திருக்கலாம், ஆனால் அந்த நேரத்தில் இல்லை. நிருபரைக் கூப்பிட்டுக் கேட்டபோது ஒரு மணியைத் தவறாகக் குறித்தது தெரிந்தது. இந்தப் பதிவும் அதே மாதிரி இருந்தது. ஏழு சுற்று இறக்க ஐந்து நிமிடம் எடுத்துக்கொண்டவர், ஏழு சுற்று ஏற்றப் பத்து விநாடிதான் எடுத்துக்கொண்டார் என்கிறது. இரண்டையும் செய்தது ஒரே கை, ஒரே சக்கரம்.

மறுநாள் காலை தோட்டத்துக்குப் போனேன். கிராணியிடம் சாவி வாங்கிக்கொண்டு மதகுக்கு நடந்தேன். மதகுக்காரர் கரையில் உட்கார்ந்து, பாலிதீன் பையில் கொண்டுவந்த தேத்தண்ணியை உறிஞ்சிக்கொண்டிருந்தார். எழுந்திருக்கவில்லை.

"நீங்களும் எழுதிக் குடுத்துட்டீங்களாக்கா?"

இன்னும் இல்லை என்றேன். சங்கிலியை அவிழ்த்து, ஒரு சுற்று சுற்றச் சொன்னேன். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பலமான மனிதர், அவசரமாகவே சுற்றினார். நாற்பத்தோரு விநாடி ஆனது.

"இதவிட வேகமா முடியுமா?"

"கீழ எறக்கும்போதே இவ்வளவு. மேல ஏத்தும்போது இன்னும் கனம். ஏன்க்கா?"

பதிவைக் காட்டினேன். அவர் அதைப் படிக்க நேரம் எடுத்துக்கொண்டார். படித்துவிட்டுக் குறிப்புப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார். புதுக் கணினி வந்ததிலிருந்து அவர் இரண்டு பத்தி போட்டு எழுதியிருந்தார், ஒன்று திரை, மற்றது கதவு. ஆறு, ஆறு. ஐந்து, ஐந்து. மழை பெய்த நாள்களில் மட்டும் வேறு மாதிரி. திரை 3, கதவு 11. திரை 1, கதவு 9. திரை 4, கதவு 12. அப்புறம், பதிவில் ஏழு சுற்று வந்த மூன்று நாள்களிலும் ஒரே குறிப்பு. திரை 0, கதவு 8.

மனிதர்கள் தவறாக எண்ணினால் ஒரு நாள் இரண்டு தவறும், ஒரு நாள் ஐந்து தவறும். மறைக்க நினைத்துப் பொய் எழுதினாலும் இப்படித்தான். ஒவ்வொரு முறையும் அளந்து வைத்ததுபோல் எட்டு தவறுவது இயந்திரம் மட்டுமே. அந்தப் பக்கத்தைப் பார்த்தபோது தவறு என்னுடையது என்று தெரிந்துவிட்டது. எந்த வரியில் என்பது மட்டும் தெரியவில்லை.

அமாவாசையன்று என்ன நடந்தது என்று அப்போதுதான் கேட்டேன். அதற்குமுன் எங்களில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. பகலில், திறக்கும் பொத்தானை அழுத்திப் பிடித்து, கதவைப் பார்த்தே எண்ணிப் பதினொரு சுற்று திறந்து வைத்திருந்தார். கடல் ஏறத் தொடங்கியதும் கணினி மூட ஆரம்பித்து, மூன்று சுற்று இறக்கிவிட்டு நின்றுவிட்டது. திரையில் பூஜ்யம். மூடும் பொத்தானை அழுத்தினால், மூடித்தான் இருக்கிறது என்று சொன்னது. அடியில் கதவு தட்டியதும் அடையாளம் காட்டும் சுவிட்ச் ஒன்று முன்பு இருந்தது. உப்பில் துருப்பிடித்ததால், சென்சார் இருக்கிறதே என்று நாங்கள்தான் எடுத்துவிட்டோம். முதல் இரண்டு முறை அவர் மீதி எட்டுச் சுற்றைக் கையால் இறக்கி மூடினார். அதைத்தான் பதிவு, கையால் திறந்து மூடியதாகக் காட்டியது. மூன்றாம் முறை சக்கரத்தில் சங்கிலி. மோட்டார் சைக்கிளில் ஆபீசுக்குப் போனார். அங்கே திரையில் பூஜ்யம் இருந்ததால் கிராணி சாவியைத் தர மறுத்தார். வாங்கிக்கொண்டு திரும்பி வருவதற்குள் ஒரு மணி நேரம் போய்விட்டது. படம் எடுத்து வைத்திருக்கலாமே என்று மேனேஜர் கேட்டாராம்.

"கடல் உள்ள வருது. நான் கதவ மூடவா, படம் புடிச்சுக்கிட்டு நிக்கவா?" என்றார் என்னிடம்.

முதல் தடவையே எனக்குப் போன் செய்திருக்கலாமே என்றேன். கேட்டிருக்கக் கூடாது.

"பண்ணேன்க்கா. ரெண்டு தடவ. நீங்க எடுக்கல. அப்புறம் சங்கிலி வந்துச்சு. நீங்க சொல்லித்தான் போட்டாங்கன்னு கிராணி சொன்னாரு. அதுக்கப்புறம் யாருக்குப் பண்றது?"

கைப்பேசியைப் பார்த்தேன். அவர் சொன்ன நாள்களில் தவறிய அழைப்புகள் இரண்டு இருந்தன.

அலுவலகத்துக்கு வந்து remquo பற்றிய விளக்கத்தை எடுத்துக் கடைசிவரை படித்தேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் பாதிதான் படித்திருந்தேன். மீதி முழுமையாகக் கிடைக்கும் என்பது முதல் பாதி. ஈவின் கடைசி மூன்று பிட்டுகள், அதாவது இருமை இலக்கங்கள், மட்டும்தான் உறுதி, அதற்குமேல் எவ்வளவு தருவது என்பது அந்தந்தக் கணினியோடு வரும் நிரல் நூலகத்தின் விருப்பம் என்பது இரண்டாம் பாதி. மூன்று பிட்டில் ஏழு வரைதான் எண்ண முடியும். எட்டு வந்தால் மறுபடி பூஜ்யம், பதினொன்று வந்தால் மூன்று. எட்டிலிருந்து ஒரு சுற்று இறக்கினால் பூஜ்யம் ஏழாகும், அதைத்தான் பதிவு திறந்ததாகக் காட்டியது. பழைய பலகையின் நூலகம் தாராளமாக முழு ஈவையும் தந்துகொண்டிருந்தது. புதியது, எழுதியிருந்ததை மட்டும் தந்தது. இரண்டும் விதியை மீறவில்லை. விதியைப் படிக்காமல் மீறியது நான். மேசைமேல் ஐந்து சுற்றோடு நிறுத்தாமல் இன்னும் மூன்று சுற்று ஏற்றியிருந்தால் அன்றே தெரிந்திருக்கும்.

சுற்றிச் சுற்றித் தொடங்கிய இடத்துக்கே வரும் கோணம் போன்றவற்றுக்கு அந்த மூன்று பிட்டு போதும், அதற்காகத்தான் அதை அப்படி வைத்தார்கள். முழுக்க எண்ண வேண்டுமானால் மீதியை மட்டும் வாங்கிக்கொண்டு, அதை மொத்தத்திலிருந்து கழித்து, நாமே வகுத்து, முழு எண்ணாக்கிக்கொள்ள வேண்டும். ஒரு வரி. எழுதிவிட்டு, கீழே விளக்கக் குறிப்பாக மதகுக்காரரின் "திரை 3, கதவு 11" என்ற வரியைச் சேர்த்தேன். அந்தக் கோப்பை நீங்கள் எல்லாரும் திறந்திருக்கிறீர்கள். அது எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிந்திருக்கும்.

முதலாளியிடம் சொன்னேன். இதே நிரல் ஓடும் மதகு வேறு மூன்று இடங்களில் இருந்தது. அடுத்த ஆண்டு இன்னும் பல வரவிருந்தன.

"சென்சார் கோளாறுன்னு போட்டா யாருக்கும் வலிக்காதுலா. அவரும் தப்பிச்சிடுவாரு, நாமளும் தப்பிச்சிடுவோம்."

அவர் கெட்டவர் அல்ல. நானும் அதே வழியைத்தான் வரும் வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன். ஆனால் சென்சார் கோளாறு என்றால் சென்சாரை மாற்றுவார்கள், நிரல் அப்படியே இருக்கும், மற்ற மூன்று மதகுகளும் அடுத்த மழைக்குக் காத்திருக்கும். அதோடு, மதகுக்காரர் சங்கிலியை மீறியது சரி என்று எங்கேயும் எழுதப்பட்டிருக்காது. தப்பித்தவர் என்று இருப்பாரே தவிர, சரியாகச் செய்தவர் என்று இருக்கமாட்டார். இதைச் சொன்னேன். முதலாளி என் தாளை வாங்கிப் படித்தார்.

நாளிதழில் போடும் திருத்தம்போல எழுதியிருந்தேன். நாங்கள் சொன்னது: மதகு மூடியிருந்தது. சரியானது: மதகு எட்டுச் சுற்று திறந்திருந்தது. நாங்கள் சொன்னது: ஊழியர் கையால் திறந்தார். சரியானது: ஊழியர் கையால் மூடினார். நாங்கள் சொன்னது: சக்கரத்தைப் பூட்டுவது உத்தமம். சரியானது: பூட்டியதால்தான் உப்புநீர் உள்ளே வந்தது. தவறு நிரலில், எழுதியவர் நான்.

முதலாளி பேனாவை எடுத்தார். "சோதனைக்கு நானும்தான் கையெழுத்துப் போட்டேன். என் பேரையும் போடும்மா" என்றார். கடைசி வரியில் அவரே எழுதினார். அவருக்கு நான் நன்றி சொல்ல வேண்டிய நாள்கள் பல. அதில் முதல் நாள் அது.

விசாரணை தோட்ட ஆபீசில், ஒரு காலைப் பொழுதில் நடந்தது. மதகுக்காரர் கோவிலுக்குப் போகிற சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். மேனேஜர் எங்கள் தாளைச் சத்தமாக வாசித்தார். மூன்றாவது திருத்தம் வந்தபோது குரல் கொஞ்சம் இறங்கியது, நிறுத்தவில்லை. கன்றுகளின் இழப்பை எங்கள் நிறுவனம் ஏற்றுக்கொள்வதாக முதலாளி சொன்னார். கடிதத்தைத் திரும்பப் பெறுவதாக மேனேஜர் சொன்னார். ஏதாவது சொல்ல விரும்புகிறாரா என்று மதகுக்காரரைக் கேட்டார்.

அவர் யோசித்தார். "சங்கிலி, சார்?"

கிராணி எழுந்து போய்ச் சாவியை எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தார்.

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் "பரவால்லக்கா" என்று சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். அதற்காகவும் அவருக்கு நன்றி சொல்கிறேன். சுலபமாக விட்டிருந்தால் நான் இதை மறந்திருப்பேன், இந்தக் கடிதமும் இருந்திருக்காது. பதிவுகளை முதலில் படித்துவிட்டுப் பதில் எழுதுவது, இடத்திலிருந்து வரும் அழைப்பை எடுப்பது, விளக்கத்தைக் கடைசிப் புள்ளிவரை படிப்பது, எல்லைவரை ஓட்டிப் பார்ப்பது என்று நான் உங்களை நச்சரித்த எல்லாமே அந்தத் தலையாட்டலில் இருந்து வந்தவை.

விசாரணை முடிந்ததும் இருவரும் மதகுக்கு நடந்தோம். கடல் நன்றாக இறங்கியிருந்தது. புது நிரலை ஏற்றினேன். முழுத் திறப்புவரை, இருபத்து நான்கு சுற்றும், இந்தமுறை மோட்டாரில் இல்லாமல் கையால் ஏற்றிப் பார்க்க வேண்டும் என்றேன். அவர் கோவில் சட்டையைக் கழற்றிக் கம்பியில் மாட்டிவிட்டு, பனியனோடு சக்கரத்தைப் பிடித்தார். அவர் கதவைப் பார்த்து எண்ணுவது, நான் திரையைப் பார்த்துச் சொல்வது என்று வைத்துக்கொண்டோம்.

"ஒண்ணு." ஒன்று. "ரெண்டு." இரண்டு. ஐந்தில் இருவரும் ஒரு கணம் நின்றோம். "ஆறு." ஆறு. "ஏழு." ஏழு.

சக்கரம் மெதுவாக நகர்ந்தது. திரையில் ஏழுக்கு மேல் கால் கூடியது, அரை கூடியது. அவர் சுற்றுவதை நிறுத்தி, முதுகை நிமிர்த்தி, கதவின் தண்டில் தான் ஆணியால் கீறி வைத்திருந்த கோட்டைப் பார்த்தார்.

"எட்டு" என்றார்.

நான் திரையைப் பார்த்தேன். அவரும் எட்டிப் பார்த்தார். எட்டு, மீதி பூஜ்யம்.

குறிப்புப் புத்தகத்தை எடுத்து இரண்டு பத்தியிலும் எழுதினார். பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு மறுபடி சக்கரத்தைப் பிடித்தார்.

"ஸ்கிரீனப் பாருங்கக்கா. இன்னும் பதினாறு இருக்கு."